டெண்டர் ஒட்டியிருந்த காலை

பிரதேச சபையின் குப்பை டிராக்டரை நான்தான் ஓட்டினேன். பிரேக் சரியாகப் பிடிக்காது. சொன்னால், "டெண்டர் போட்டுப் புதுசு வாங்குவோம்" என்பார்கள். அதனால் தினமும் வண்டியை எடுக்குமுன் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பேன். கஹவத்தைக்கு இறங்கும் தோட்டத்து ரோடு ஒரே செங்குத்துச் சரிவு. பின்பெட்டியில் குப்பை அள்ள வருபவர் என் அக்கா புருஷன்.

ஒரு மழைநாள் காலையில் பலகையில் டெண்டர் தாள் ஒட்டியிருந்தது. சிங்களத்தில் இருந்ததால் எழுத்துக் கூட்டிப் படித்தேன். புது டிராக்டர் வாங்க விலை கேட்டிருந்தார்கள். ஓடிப்போய் மச்சானிடம் சொன்னேன்.

"அப்ப இன்னைக்குப் புது வண்டியிலயா எறங்குறோம், மாப்ள?" என்று சிரித்தார்.

"டெண்டர்தான் வந்திருக்கு மச்சான். டெக்டர் வர மாசக்கணக்காகும்."

அவர் சிரிப்பு நின்றது. பிரேக் பிடிக்காவிட்டால் சக்கரத்துக்கு அடியில் போடும் கட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, குதிக்கத் தோதாகப் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மெதுவாப் போ. ஒங்கக்கா சோறாக்கி வச்சிருப்பா."

ரோடு நனைந்து கிடந்தது. முதல் கியரில் இறங்கினேன். கீழே போய்ச் சேரும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

மறுநாள் முதல் நான் பலகையைப் பார்ப்பதில்லை. கட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.