எட்டாத தாழ்ப்பாள்

போன வருஷம் கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு இருக்கும் சந்தில் நான்கு நாளாக விடாமல் மழை. காலை பத்தரை மணி இருக்கும். வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். மகனுக்குக் களமசேரியில் வேலை, அங்கேயே குடித்தனம்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வயது அறுபத்தாறு. நல்ல தடித்த உடம்பு. உடம்பு பெருத்தால் பலமும் கூடவே வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்த அசடு நான். மிளகுக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் கணவரோ ஒல்லிக்குச்சி. "உங்களை ஒரு கையால தூக்கி இடுப்புல வச்சுண்டுடுவேனாக்கும்" என்று கேலி செய்வேன். சிரிப்பார்.

எனக்குக் கொழுப்பு ஏறிக்கொண்டும் தசை கரைந்துகொண்டும் போகிறது என்று டாக்டர் அதற்கு முந்திய வருஷமே சொன்னார். எடை பார்த்தால் அது தெரியாதாம். சாயங்காலம் படகுத்துறை வரை நடக்கிறேனே என்றேன். "அம்மே, நடந்நால் மாத்ரம் போரா", நடந்தால் மட்டும் போதாது என்று சொல்லி, வயதான பெண்களுக்கு நடக்கும் உடற்பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார். அங்கே கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழ வேண்டும், உட்கார வேண்டும், மறுபடி எழ வேண்டும். தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்க வேண்டும். போதாததற்குச் சுரிதார் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். இந்த வயதில் சுரிதாரா என்று எனக்கு மானம் போயிற்று. இரண்டு நாள் போனேன், மூன்றாம் நாள் போகவில்லை. "போயேன், வேணும்னா நான் கூட வந்து வாசல்ல நிக்கறேன்" என்று கணவர் பல நாள் சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை.

அந்த மழைநாள் காலையில் உள்ளறையில் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தவர், அப்படியே சுவரோடு சரிந்து தரையில் விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. நினைவு இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். அந்த ஒல்லிக்குச்சி உடம்பை என்னால் அசைக்கக்கூட முடியவில்லை. பதற்றத்தில் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். போன் கூடத்தில் சார்ஜில் இருப்பது அப்புறம்தான் நினைவு வந்தது. எழுந்திருக்கப் பார்த்தால் தொடை எழவில்லை. கையை ஊன்றினேன், நடுங்கி மடங்கியது. சுவரைப் பிடித்தேன், பிடி நிற்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குழந்தை போலத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அப்போது வாசல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண். "சேச்சீ, வாதில் துறக்கு!" என்று கதவைத் திறக்கச் சொன்னாள். சாரல் அடிக்கிறதே என்று நான்தான் மேல் தாழ்ப்பாளைப் போட்டு வைத்திருந்தேன். இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். ஓட்டின் மேல் கொட்டிய மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு முறை தட்டிவிட்டு, தூங்குகிறோம் என்று நினைத்து அவள் போய்விட்டாள்.

உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து கூடத்துக்குப் போனேன். நடுவில் எத்தனை தடவை நின்றேனோ தெரியாது. சார்ஜர் வயரை இழுத்துப் போனைக் கீழே தள்ளி, அவளைத்தான் கூப்பிட்டேன். ஓடி வந்தாள். ஆனால் கதவை யார் திறப்பது? தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது, தரையில் கிடந்த எனக்கு எட்டவில்லை. கடைசியில் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்து கதவை உடைத்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைத் தூக்க வந்தார். "என்னை விடுங்கோ, அவரை எடுங்கோ" என்று கெஞ்சினேன். அதற்குள் ஒன்றே முக்கால் மணி நேரம் போயிருந்தது.

"எந்தா இத்ர வைகியது?" ஏன் இவ்வளவு தாமதம் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அவர் விழுந்ததைப் பார்த்ததும் நானும் மயங்கி விழுந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். மகனிடமும் அதையே சொன்னேன். சீக்கிரம் வந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கலாம் என்றார்கள். பேச்சும் போயிற்று, வலது கையும் காலும் போயின.

இப்போது ஒழுங்காக வகுப்புக்குப் போகிறேன், சுரிதாரிலேயே. கட்டிலிலிருந்து அவரை நாற்காலிக்கு மாற்ற வலு வேண்டுமே. ஏழு மாதத்தில் தொடையிலும் கையிலும் கொஞ்சம் பிடிப்பு வந்திருக்கிறது. இப்போதெல்லாம் யார் உதவியும் இல்லாமல் அவரை எழுப்பி உட்கார வைத்துவிடுகிறேன். பார்க்க வருகிறவர்கள் அதைப் பாராட்டும்போது எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருக்கும். அன்றைக்கு ஏன் அவ்வளவு தாமதம் என்று யாராவது கேட்டால், "அம்மா என்ன பண்ணுவா, பாத்த உடனே மயக்கம் போட்டுட்டா" என்று மகன் அவர்களிடம் எனக்காகப் பரிந்து பேசுவான்.

அப்போது அவர் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். நான் மயங்கவே இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அந்தப் பார்வையில் துளி கோபம் இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என் உடம்பு, என் வெட்கம், என் இஷ்டம் என்று இருந்தேன். அதன் கஷ்டத்தையெல்லாம் அவர் படுகிறார் என்பதை இன்றுவரை அவரிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.