எக்ஸ்ரே அறைக்கு ஒரு தாழ்ப்பாள்

இருட்டிய பிறகு, ஒரே ஒரு நோயாளி நிற்கும் அறைக்குள் இன்னொருவர் இருமும் சத்தம் கேட்டால் எக்ஸ்ரே எடுப்பவளுக்குப் பாதி உயிர் போய்விடும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூத்தவள் தூங்கிய பிறகு எழுதுகிறேன். இளையது வயிற்றில், மூன்றாம் மாதம். சொன்னால் வேலை போய்விடும் என்று ஸ்கேன் சென்டரில் இன்னும் சொல்லவில்லை.

இருமல்

ஆவடிப் பக்கம் எங்கள் சென்டர். எக்ஸ்ரே அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வெள்ளானூர்ப் பெரியவர் ஒருவரை நிறுத்தி, கூட வந்தவர்களை வெளியே அனுப்பி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று பட்டனை அமுக்கினேன். அவர் பிடித்துக்கொண்டுதான் நின்றார். இருமியது கதவோரம், இடுப்பில் கைக்குழந்தையோடு எப்போதோ உள்ளே நுழைந்திருந்த அவர் மருமகள். நான் கத்தியதில் குழந்தைதான் அழுதது. அவள் சிரித்தாள்.

"இன்னாக்கா, போட்டாதானே புடிக்கிறே? நாங்க ஓரமாத்தான கீறோம், படத்துல வர மாட்டோம்!"

பேட்ஜ்

எங்கள்மேல் எவ்வளவு கதிர் படுகிறது என்று அளக்க நெஞ்சில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் ஒன்று உண்டு. சீனியர் சேகர் அண்ணன் காலையில் வந்ததும் இரண்டு பேட்ஜையும் வரவேற்பறை முருகன் படத்துக்குப் பின்னால் சொருகிவிடுவார். எங்கள் சென்டரில் கதிர் படாமல் பத்திரமாக இருப்பது அவை மட்டும்தான். ஒருநாள் என்னுடையதை எடுத்துக் குத்திக்கொண்டேன். ஓடிவந்து பிடுங்கினார்.

"ரீடிங் ஏறிச்சின்னா ரெண்டு பேரையும் ஊட்டுக்கு அனுப்பிடுவாங்கம்மா. உனக்கு வேலை வேணுமா, பேட்ஜ் வேணுமா?"

குளியல்

எக்ஸ்ரே துணியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வராது. கான்வென்டில் படித்து, டிப்ளமோவில் இதையே எழுதிப் பாஸ் செய்தவள்தான் நான். இருந்தும் நெமிலிச்சேரியில் ரயிலைவிட்டு இறங்கி வந்ததும், தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் மகளைத் தொடுவதில்லை. அவள் பாத்ரூம் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். வயிற்றில் இருப்பதை எந்தத் தண்ணீரால் கழுவுவது? கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை.

"தினம் என்ன, சாவு வீட்டுக்கா போய்ட்டு வர்ற?"

தாழ்ப்பாள்

அந்த இருமலுக்குப் பிறகு ஓனரைக் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும், பட்டனை அறைக்கு வெளியே மாற்ற வேண்டும். பட்டன் இருப்பது உள்ளேதான், ஒரு பிளைவுட் தடுப்புக்குப் பின்னால். கதிரைத் தடுக்க அதற்கு ஈயத்தகடு அடிப்பதாகச் சொன்னவர், பெயிண்ட் அடித்தார். இன்று ஆள் வைத்துத் தாழ்ப்பாளை மட்டும் மாட்டிவிட்டு, பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இனிமே ஒருத்தரும் உள்ள வந்து ரேடியேஷன் வாங்க மாட்டாங்க. நீ நிம்மதியா உள்ளேருந்து போட்டுக்கோம்மா!"

போட்டுக்கொண்டேன்: வெளியே எல்லோரும் பத்திரம், உள்ளே நாங்கள் இரண்டு பேர் மட்டும்.