உறக்கமல்ல, மயக்கம்

2024 செப்டம்பர் 3, செவ்வாய்க்கிழமை.

பிற்பகல் 2.05: கரமனையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், நாற்காலியில் சாய்ந்தபடி என் மனைவி நினைவிழந்திருக்கக் கண்டேன்.
2.07: ஆம்புலன்ஸ் எண்ணை அழைத்தேன். பேச்சு மலையாளத்தில் நடந்தது. ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி.
2.18: மீண்டும் அழைத்தேன்.
2.31: ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வந்தது.
2.54: மருத்துவமனை. மூளையில் இரத்தக்கசிவு.

செப்டம்பர் 5, வியாழக்கிழமை, காலை 6.40: இறப்பு.

நேரங்கள் என் கைபேசியிலும் மருத்துவமனைத் தாள்களிலும் உள்ளபடி. முதல் அழைப்புக்கும் இரண்டாம் அழைப்புக்கும் இடையே பதினொரு நிமிடங்கள் இருக்கின்றன. அவை யாருடையவை என்பதுதான் இங்கே பொருள்.

முதல் அழைப்பில் நான் சொன்ன சொற்றொடர் இது: "உறக்கமல்ல, மயக்கமாணு." தமிழர் இதைக் கேட்டால் எழுந்து ஓடுவர். மலையாளிக்கோ மயக்கம் என்பது கண்ணயர்தல். ஊணுக்குப் பிறகு நாற்காலியில் வருவது. ஆக, ஒரு பெண்மணி ஆழ்ந்து உறங்கவில்லை, லேசாகக் கண்ணயர்ந்திருக்கிறாள் என்று பிற்பகல் இரண்டு மணிக்கு அரசு இயந்திரத்துக்கு நான் அறிவித்திருக்கிறேன். "கொறச்சு கழிஞ்ஞு நோக்கியிட்டு விளிக்கூ சாரே" என்றது மறுமுனைக் குரல். சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு அழைக்கச் சொன்னார்கள். சற்றுப் பொறுத்துப் பார்த்தேன்.

இந்த இரு மொழிகளையும் ஒப்பிட்டுப் பாடம் நடத்துவதே என் உத்தியோகமாக இருந்தது. ஒரே ஒலியும் வேறு பொருளும் கொண்ட சொற்களைத் தொகுத்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அதைப் படியெடுத்துக் கொடுத்தவள் என் மனைவி. "இத்தனை வார்த்தையையும் தெரிஞ்சுண்டு என்ன பண்ணப் போறேள்?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். தவறு நேராமல் காக்கும் என்றேன். 'மயக்கம்' அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் அன்றாடம் புழங்கிய சொல்லைத் தொகுக்க வேண்டுமென்று தோன்றவில்லை.

பதினொரு நிமிடம் முன்னதாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது சார்" என்றார். உண்மையான விடை, பயனற்றது. ஆம்புலன்ஸ் அலுவலகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். தமிழ் வழங்கும் இந்நகரத்தில், தொலைபேசியை எடுப்பவருக்கு ஒரு தமிழ்ச் சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டாமா என்பது அதன் சாரம். தங்கள் கருத்து உரிய முறையில் பயன்படுத்திக்கொள்ளப்படும் என்று பதில் வந்தது. அவர்கள் வாக்குத் தவறவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று மாதம் கழித்து, ஆம்புலன்ஸ் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் ஒரு நிலையத்தின் வாசலில் போய் நின்றேன். நோயாளியின் நிலையைக் கேட்டறிய அவர்களுக்கு என்ன கற்றுத் தருகிறார்கள் என்று தெரிந்தால், குற்றத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரிந்துவிடும். சேர்க்கைக்கான படிவம் கேட்டேன். எழுத்தர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"சாருக்கு வயசெத்ர?"

"அறுபத்தொன்பது."

"கோர்ஸினு முப்பத்தஞ்சு வரெயே எடுக்கூ. ரோகியாயிட்டு வேணமெங்கில் எடுக்காம்."

மாணவனாக முடியாது, நோயாளியாக எடுத்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு நோயாளி வேடமிட முதியவர்கள் தேவைப்பட்டார்கள். என் வாழ்நாளில் வேறெந்த நியமனமும் இவ்வளவு விரைவாகக் கிடைத்ததில்லை. சமூகசேவை என்று பாராட்டி ஒரு நீலச் சட்டையும் கொடுத்தார்கள்.

வாரம் இருமுறை, இரண்டு பேருந்து மாறிச் சென்று நோயுற்றேன். நெஞ்சுவலி, இடுப்பெலும்பு முறிவு, சர்க்கரைத் தாழ்வு. நாற்காலியில் கட்டி மாடிப்படி வழியே என்னை இறக்கிய பையன்கள் மூச்சிரைக்க, "சாரே, பரீட்ச கழியுந்நது வரெ சோறு கொறைக்கணே" என்று வேண்டிக்கொண்டார்கள். தேர்வு வரைக்கும் சோற்றைக் குறைத்தேன். வீட்டில் கேட்பார் இல்லாததால் அது எளிதாயிருந்தது.

பயிற்சியாளர் முன்பு இராணுவ மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர். அவர் கற்பித்தவற்றுள் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. நினைவு எவ்வளவு இருக்கிறது என்பதை அவர்கள் நான்கு படிகளில் அளக்கிறார்கள். தானே விழித்திருக்கிறாரா, குரலுக்கு விழிக்கிறாரா, வலிக்கு விழிக்கிறாரா, எதற்கும் இல்லையா. உறக்கம், மயக்கம், அயர்வு என்ற எந்தப் பெயரும் இதில் கிடையாது. "பேரு வேண்டா. செய்து நோக்கு, கண்டது பற" என்பார். பெயர் வேண்டாம், செய்து பார், கண்டதைச் சொல். நான் நாற்பதாண்டுகள் எதிர்த்திசையில் ஊதியம் வாங்கியவன்.

தேர்வு நாளன்று நான் மூன்றாம் படி நோயாளி. குரலுக்கு அசையக்கூடாது, நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தினால் மட்டும் முனகலாம். பாயில் கண்மூடிக் கிடந்தேன். என்னைச் சோதிக்க வேண்டிய மாணவி போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். தமிழ்த் தொழிலாளர் குடும்பத்துப் பெண். அவள் தொடங்குமுன், பயிற்சியாளர் புதிதாக வந்த பாடத்தாள் ஒன்றை எடுத்தார். பெயரும் முகவரியும் நீக்கிய ஓர் உண்மை அழைப்பு, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருவர் மனைவிக்காக அழைத்தது என்றார். படித்தார்.

"உறக்கமல்ல, மயக்கமாணு."

என் கருத்து உரிய முறையில் பயன்படுத்தப்பட்டிருந்தது.

ஒரு பையன் சொன்னான்: "ஊணு கழிஞ்ஞு பார்ய மயங்ஙியதினு ஆம்புலன்ஸோ சாரே?" சாப்பிட்டு மனைவி கண்ணயர்ந்ததற்கு ஆம்புலன்ஸா என்கிறான். வகுப்பு சிரித்தது. நகைச்சுவையின் அமைப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. நான் மூன்றாம் படியில் நிலைத்திருந்தேன்.

"அப்படி இல்ல சார்" என்றாள் அந்தப் பெண். "எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல மயக்கம்னா போதம் போயாச்சுன்னு அர்த்தம். இது தமிழ் ஆளு. மலையாளம் அவ்வளவா தெரிஞ்சிருக்காது, பாவம். தப்பு போன் எடுத்தவங்க மேலதான்."

மலையாளத்தில் முனைவர் பட்டம் பெற்றவனுக்காக ஒருத்தி வாதாடிக்கொண்டிருந்தாள். அவ்வளவும் எனக்கு வேண்டியிருந்த வாதம். கண்ணைத் திறக்க அனுமதி இருந்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

"போன் எடுத்தவங்க என்ன கேட்டிருக்கணும்?" என்றார் பயிற்சியாளர், அவளுக்காகத் தமிழில்.

"கூப்பிட்டா முழிக்கிறாங்களான்னு கேக்கணும் சார். அத கேக்கவே இல்லையே."

"கேட்டிட்டுண்டு மோளே. மேலத்த வரி நோக்கு." தாளைத் திருப்பும் ஓசை கேட்டது. அவர் மெதுவாகப் படித்தார்: "சோத்யம்: விளிச்சு நோக்கியோ? உத்தரம்: உறக்கமல்ல, மயக்கமாணு."

கூப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். நான் சொல்விளக்கம் கொடுத்திருக்கிறேன்.

அந்தக் கேள்வி என் நினைவில் இருக்கவில்லை. என் விடை மட்டும் எழுத்துப் பிசகாமல் இருந்தது. பாயில் கிடந்தபடி அந்த இரண்டு நிமிடங்களைத் திரும்பப் பார்த்தேன். நாற்காலிக்கு முன் நின்றேன். மணிக்கட்டைத் தொட்டேன். அவளுடைய நிலைக்குச் சரியான சொல் எது என்று தேர்ந்தேன். பிறகு கைபேசியை எடுக்கச் சென்றேன். அவளை அழைக்கவில்லை.

"அப்ப இவரு ஏன் நேரா பதில் சொல்லல?" என்று அந்தப் பெண் முணுமுணுத்தாள். பயிற்சியாளர் தேர்வைத் தொடங்கச் சொன்னார். அவள் என் அருகே மண்டியிட்டுத் தோளைத் தட்டினாள்.

"ஐயா, கேக்குதா? கண்ணத் தொறங்க ஐயா."

திறந்துவிட்டேன்.

"சாரே," என்றார் பயிற்சியாளர், மிகப் பொறுமையாக, "சார் வேதனைக்கு மாத்ரமே உணராவூ. சப்தத்தினு உணரருது." வலிக்கு மட்டும்தான் நான் விழிக்கலாம். தேர்வு செல்லாது என்று அவளுக்கு இன்னொரு நாள் குறித்தார். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நியாயம் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன், நாள் தப்பியதற்காக மட்டும்.

செய்யாமல் நிற்பவை:

கண்ணாடிக் கடையில் என் மனைவி பழுதுபார்க்கக் கொடுத்த மூக்குக்கண்ணாடியை வாங்கி வருவது.

ஆம்புலன்ஸ் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதுவது.

பட்டியலில் 'மயக்கம்' சேர்ப்பது.

மறுதேர்வுக்கு வேறு நோயாளியை வைத்துக்கொள்ளும்படி நிலையத்துக்குச் சொல்வது.

அழைத்தவருக்கு மலையாளம் நன்றாகத் தெரியும் என்று போனக்காட்டுப் பெண்ணிடம் தெரிவிப்பது.

மேலே உள்ள பதிவில் 2.05க்கும் 2.07க்கும் இடையே ஒரு வரி சேர்ப்பது: கூப்பிட்டுப் பார்க்கவில்லை.