தோற்றவற்றை ஒளித்த திரை

தக்சாயினி கெட்டிக்காரி, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்த தாய் தகப்பனுக்கு ஜெர்மனியின் கொலோனில் பிறந்தவள். பக்கத்து நகரான ஆஹெனில் படித்து, அங்கேயே ஆய்வாளர்களுக்குப் பரிசோதனை முடிவுகளைக் காட்டும் கணினித் திரைகளை வடிவமைக்கிறாள். விஞ்ஞானியின் மூளைக்குக் கைகொடுக்கும் வேலை என்பாள். சொல்லும்போது கொஞ்சம் தலைக்கனமும் எட்டிப்பார்க்கும்.

அவளுடைய புதிய திரையை முதலில் பரிசோதித்தவர் மைதிலி அக்கா. ஈரக்காயத்திலும் ஒட்டக்கூடிய பசையைத் தேடுகிற இரசாயன ஆய்வாளர். பழைய திரையில் ஒட்டிய கலவை, ஒட்டாத கலவை எல்லாம் சந்தைக்கடை மாதிரிச் சிதறிக் கிடக்கும். தக்சாயினி ஒட்டாமல் தோற்றவற்றை அள்ளி ஒரு சின்னப் பொத்தானுக்குப் பின்னால் ஒளித்தாள். திரை பளிச்சென்று ஆனது.

பரிசோதனையன்று அக்காவின் கை அடிக்கடி திரையின் வெறும் மூலைக்குப் போய்த் திரும்பியது. எதையோ தேடுகிறார் என்று தக்சாயினிக்கு விளங்கிற்று. ஆனாலும், "எப்பிடி அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம் பிள்ளை, நல்ல வடிவாயிருக்கு."

எங்கள் சனத்திடம் வேறென்ன பதில் வரும்? எங்கடை பிள்ளை மினக்கெட்டுச் செய்ததை யார் முகத்துக்கு நேரே குறை சொல்லுவார்கள்? ஜெர்மன்காரர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் குறை சொல்லியே பிய்த்து எறிந்திருப்பார். அதற்குப் பயந்துதான் அவள் கூப்பிடவில்லை.

இந்த வசந்தத்தில் வேறொரு நாட்டுக் குழு அந்தப் பசையைக் கண்டுபிடித்துவிட்டது. முதல்நாள் வழுக்கிவிட்டு, மறுநாள் ஈரத்திலேயே இறுகும் கலவை. அதே கலவை அக்காவின் ஆய்வுகூடத்திலும் இருந்தது, முதல்நாளே தோற்றதென்று ஒதுக்கப்பட்டு. மறுநாள் அளவும் பதிவாகியிருந்தது, பொத்தானுக்குப் பின்னால். செய்தி கேட்டதிலிருந்து தக்சாயினிக்குச் சோறு இறங்கவில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு திரிந்தாள்.

சாப்பாட்டு வேளையில் கன்ரீனில் அக்காவே வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

"என்ர கண் பழுதாப் போச்சு, பிள்ளை. முந்தி தோத்ததுகளுக்குள்ளதான் நல்லதைப் பிடிக்கிறனான். இனி என்னை நம்ப ஏலாது. உன்ர திரை காட்டுறதை மட்டும் பாக்கப்போறன்."

இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் தக்சாயினி மனுசியே இல்லை.

"உங்கட கண்ணில பிழையில்லை, அக்கா. நான்தான் அதுகளை ஒளிச்சு வைச்சனான்."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "அண்டைக்கு நான் தேடினதைக் கண்டனியோ?"

"ஓம்."

"அப்ப ஏன் பிள்ளை கேக்கேல்லை?"

"குறை சொல்லிப்போடுவியளெண்டு பயம்."

அக்கா அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "நானெல்லோ சொல்லியிருக்க வேணும்," என்றார்.

அக்கா நன்றாக ஏசியிருந்தால் தக்சாயினி அன்றைக்காவது நித்திரை கொண்டிருப்பாள்.