குழாய் வாயில் வெள்ளரித் துண்டு

என் தங்கை, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுபவள். நின்று நின்று கால் நரம்புகள் புடைத்துவிட்டன. வீட்டுக்கு வந்ததும் கூடத்திலுள்ள மீன்தொட்டியின் முன்னால்தான் காலை நீட்டி உட்காருவாள். தொட்டி அவள் கணவருடையது. அவர் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். அதில் அவருடைய ஏஞ்சல் மீன்களும், உடலில் கோடு போட்ட வரிமீன்களும் ஒன்றாக நீந்தின. கண்ணாடியில் படியும் பாசியைத் தின்பதற்காக அவள் வாங்கிவிட்ட அடியில் ஒட்டி ஊரும் இரண்டு பிளெக்கோ மீன்களை அவர் மீன் என்றே ஒப்புக்கொண்டதில்லை.

"உன் பொறந்த வீட்டு ஆளுங்க தரை துடைக்க ஆரம்பிச்சுட்டாங்க, பாரு," என்பார். என்னையும் சேர்த்துத்தான்.

பிளெக்கோவில் பெண், தொட்டியின் அடியில் போட்டிருந்த களிமண் குழாய்க்குள் ஆரஞ்சு நிற முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் வாயிலை அடைத்துக்கொண்டு, இரவும் பகலும் துடுப்பால் விசிறிக் காக்கும். இருமுறை குஞ்சுகள் பொரிந்தன. இருமுறையும் வெளியே வந்தவற்றை மற்ற மீன்கள் ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தன. மூன்றாம் முறை முட்டையைக் கண்டதும் அவள் தனித் தொட்டி கேட்டாள்.

"இந்தத் தடவை ஒரே ஒரு குஞ்சு பிழைச்சுக் காட்டட்டும், வாங்கித் தர்றேன். இல்லன்னா ரெண்டையும் கடையில கொண்டுபோய் விட்டுடணும். சரியா?" என்றார் அவர்.

அவள் சம்மதித்தாள். பொரியும் தறுவாயில் மற்ற மீன்கள் நெருங்காதபடி குழாயை உள்ளே வைத்துக் கட்டுவதற்காகக் கொசுவலைத் துணியில் ஒரு பையும் தைத்தாள்.

ஐந்தாம் நாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, காவல் இருக்கிற ஆண் மீன் வாயில ஒண்ணுமே வைக்கல. வயிறு ஒட்டிப்போச்சு. பாக்கவே முடியல."

"அது பாடு அதுக்குத் தெரியும்டி. நீ சும்மா இரு."

"முட்டை போட்டவ ஊர் சுத்துறா, இவன் பட்டினி கிடக்கிறான். எந்த வீட்டுல நடக்கும் இப்படி?" என்று சிரித்தாள்.

மறுநாள் வேலைக்குப் புறப்படுமுன், வேகவைத்த வெள்ளரித் துண்டு ஒன்றைக் குழாயின் வாயிலேயே வைத்தாள். இருந்த இடத்திலேயே தின்னட்டும் என்று எண்ணினாள். வெள்ளரிக்கு வரிமீன்கள் மொய்த்தன. அவற்றை விரட்ட ஆண் முன்னும் பின்னும் பாய்ந்ததில், முட்டைக் கொத்து உருண்டு வெளியே விழுந்தது. விடுப்பில் வீட்டிலிருந்த கணவர் அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருச்சு," என்றார் மாலையில். "என்னைப் பாக்காதே. விருந்துக்குக் கூப்பிட்டது நீதானே?"

அவள் வாக்குத் தவறவில்லை. கடைக்கு நானும் உடன் சென்றேன். கடைக்காரர் இரண்டையும் வெவ்வேறு தொட்டிகளில் விட்டார்.

"ஒண்ணா விடக்கூடாதாங்க?" என்றாள்.

"டேங்க் கிளீனரை யாரும்மா ஜோடியா வாங்குறாங்க?"

மூன்று மாதம் கழித்து ஏஞ்சல் மீன், தொட்டிக்குள்ளிருந்த செடியின் இலையில் முட்டையிட்டது. அந்த வாரமே இரண்டாவது தொட்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

"உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே. கொஞ்சம் பாத்துக்கம்மா," என்றார் கணவர்.

அவள் தொட்டியைக் கழுவினாள்; நீர் நிரப்பினாள்; இலையை முட்டைகளோடு கிள்ளி அதற்குள் மாற்றினாள். நாற்பதுக்கு மேல் குஞ்சுகள் பிழைத்தன. வருகிறவர்களிடமெல்லாம், "எல்லாம் நான் வளத்தது," என்று அவர் காட்டுகிறார்.

"ஆமாம், அவர்தான்," என்கிறாள் என் தங்கை.