கறுப்பு வரிகளுக்குக் கதவு வைத்த புத்தகம்

கண்டி டவுனில் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் என்னிடம் வந்த ஆகச் சிரமமான வேலை, கெலிஓயாவிலிருந்து ஃபரீனா டீச்சர் கொண்டுவந்த, தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சான ஒரு மெல்லிய புத்தகம்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டப் பெண்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னதை டீச்சர்தான் தொகுத்திருந்தார். ஒரு நூலகம் அதில் சில பிரதிகளை வாங்கியது. யாரோ முறைப்பாடு செய்ததும், தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் கூரை ஒழுகுவதையும் மேலாட்கள் ஏசுவதையும் சொன்ன வரிகளைக் கறுப்பு மையால் அழித்தார்கள். பிறகு அலுமாரியிலிருந்தே எடுத்து டீச்சரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"மேரி அக்கா, அழிச்ச வரியெல்லாம் கதவு மாதிரி தொறக்கணும். தொறந்தா உள்ளுக்கு அந்த வரி ஈக்கணும். செய்ய ஏலுமா?"

"கத்தி கொஞ்சம் வழுக்கினாலும் தாள் போயிரும் டீச்சர். இருந்தாலும் செய்றேன்."

அந்த நூலகத்தின் பைண்டிங் வேலையும் என்னிடம்தான் வந்துகொண்டிருந்தது. அது நின்றுபோகலாம் என்று தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன். நானும் லயத்தில் பிறந்தவள்.

கறுத்த வரி ஒவ்வொன்றையும் மூன்று ஓரம் வெட்டி, நான்காவதை மடிப்பாக விட்டேன். பின்னால் ஒட்டிய தாளில் டீச்சர் அந்த வரியைக் கையால் எழுதினார். முதல் பிரதி பசை ஈரத்தில் நெளிந்து வீணானது. இரண்டாவதைத் தடித்த மட்டையில் ஒட்டி, விசிறி மடிப்பாக இணைத்தேன். மேசையில் விரித்து நிறுத்தியதும் நீண்ட லயம் போல நின்றது.

டவுன் மண்டபத்தில் நடக்கவிருந்த கண்காட்சியில் அதை வைக்க டீச்சர் இடம் வாங்கியிருந்தார். முதல் நாளே கொண்டுபோய் விரித்து வைத்ததும் மண்டபப் பொறுப்பாளர் வந்து பார்த்தார்.

"புத்தகம்னு வைக்க ஏலாது, மேலிடத்துல சொல்லிட்டாங்க. கதவுகள ஒட்டிட்டு, சிற்பம்னு எழுதி வைங்க. பிரச்சின இல்ல."

டீச்சர் என்னைப் பார்த்தார்.

"ஒட்டுனா திரும்ப அழிச்ச மாதிரிதான் சார்," என்றேன். "இது புத்தகம். கட்டுனவ சொல்றேன்."

டீச்சர் அதை மடித்துக் கையில் எடுத்தார். "வாங்க அக்கா, போவோம்."

என் கடை மேசையிலேயே வைத்தோம். நூலக வேலை அந்த வாரமே நின்றது. ஆனால் ஆட்கள் வந்தார்கள். மூன்றாம் நாள் ஹந்தானையிலிருந்து புஷ்பம் வந்தார், கதை சொன்ன பெண்களில் ஒருவர். ஒரு கதவைத் திறந்து எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"மழை வந்தா புள்ளைகள மேசைக்குக் கீழ படுக்க வைப்பேன்." நிமிர்ந்து பார்த்தார். "இது நான் சொன்னது."

பிறகு யாரையும் கேட்காமல் மற்றக் கதவுகளையும் திறந்து, நின்றவர்களுக்குக் கேட்கும்படி வாசித்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தையலும் ஒட்டும் உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. கொடுக்கும் முன் விரித்துப் பாருங்கள். ஒரே ஒரு வரியை வாசிக்க முடியாவிட்டாலும் வேலை முடியவில்லை.