கை கூப்பினேன், வண்டி நின்றது

போன ஐப்பசியில் என் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஏரியில் வலை பிரிக்கும்போது கெளுத்தி முள் குத்தியதுதான் ஆரம்பம். சர்க்கரை இருக்கிற உடம்பு, ஆஸ்பத்திரிக்குப் போ என்று என் மனைவி தேசம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். முள் குத்தினதற்கெல்லாம் ஆஸ்பத்திரியா என்று மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு மறுபடியும் படகேறினேன். அந்தத் திமிருக்குத்தான் கால் போனது. கங்கையம்மாவின் பிள்ளைகளான உங்களிடம் இதை எழுதக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதைவிடக் கூச்சமானது இனிமேல்தான் வருகிறது.

நான் வீட்டில் முடங்கினேன். தேசம்மா பழவேற்காட்டுக் கரைக்குப் போய், மீன் வாங்க வருகிறவர்களுக்கு அறுத்துக் கொடுக்கிற வேலையில் உட்கார்ந்தாள். சாயங்காலம் கையெல்லாம் செதிலோடு வந்து எனக்குச் சோறு போடுவாள். அந்தச் சோற்றைப் பாதியில் தள்ளி வைத்துவிடுவேன். வாசலில் படுத்தபடியே கங்கையம்மா கோயில் பக்கம் பார்த்து, "தாயே, காலைக் குடு, இல்லன்னா என்னைக் கூப்டுக்கோ"னு அழுவேன்.

தை மாதம் என் மச்சான் சென்னையிலிருந்து ஒரு பேட்டரி வண்டியைக் கொண்டுவந்து இறக்கினான். அவன் வேலை செய்கிற வீட்டில் ஒரு பெரியவர் ஓட்டியது. நாற்காலி மாதிரி சீட்டு, முன்னால் கைப்பிடி. கைப்பிடிக்குக் கீழே ஒரு பட்டை இருக்கும். அதை அழுத்தினால் போகும், கையை எடுத்தால் தானாக நின்றுவிடும். வேகத்துக்கு ஒரு திருகு. அதில் ஒரு பக்கம் ஆமைப் படம், ஒரு பக்கம் முயல் படம். நான் கேட்டது கால், வந்தது இது. அம்மா என்னைக் கேலி பண்ணுகிறாள் என்றே நினைத்தேன். பதினெட்டு வயதிலிருந்து படகு ஓட்டினவன், பொம்மை வண்டியில் போவதா?

மச்சான் படித்துப் படித்துச் சொன்னான். "மாமா, சரிவுல ஆமையிலயே வை. பொட்டி, மூட்டை ஏத்தாத. பயமாயிருந்தா ஒண்ணும் பண்ணாத, கைய வுட்டுடு." நான் காதில் வாங்கவில்லை. அவன் சொன்னதையெல்லாம் தேசம்மாதான் கேட்டு வைத்துக்கொண்டு, தினமும் எனக்குப் பாடம் நடத்தினாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் வாரம் ஆமையில்தான் போனேன். தலையில் கூடை வைத்த பொம்பளைகள் எல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். "இன்னாண்ணா, இன்னிக்குக் காத்து இல்லியா?" என்று, பாய்மரப் படகுக்காரனைக் கேட்கிற மாதிரி ஒருத்தி கேட்டுச் சிரித்தாள். அன்றைக்கே திருகை முயலுக்குத் திருப்பினேன்.

மாசியில் ஒரு காலை. என்னோடு படகில் வந்துகொண்டிருந்த துலுக்காணம் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனான். "குடுடா, நான் எடுத்தாறேன்"னு கேட்டு வாங்கிக் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டேன். நானும் வேலைக்கு ஆவேன் என்று நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

படகுகள் வந்து நிற்கிற இடத்துக்குச் சிமெண்ட் சரிவு ஒன்று இறங்கும். அதன் அடியில், வலது ஓரமாக, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தேசம்மா அருவாமனைக்கு முன்னால் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். சரிவில் இறங்கியதும் பெட்டியின் கனத்தோடு வண்டி பிய்த்துக்கொண்டு போனது. எனக்குப் பயம் வந்துவிட்டது. படகில் பயம் வந்தால் என்ன செய்வோம்? பிடியை இறுக்கிப் பிடிப்போம். நானும் இறுக்கினேன். அந்தப் பட்டையும் சேர்ந்து அழுந்தியது. வண்டி இன்னும் வேகமெடுத்தது. படகு இடது பக்கம் போக வேண்டுமென்றால் இன்ஜின் பிடியை வலது பக்கம் தள்ள வேண்டும். வண்டியை இடது பக்கம் ஒதுக்க நினைத்து, பழக்க தோஷத்தில் இதையும் வலது பக்கம் ஒடித்தேன். வண்டி நேராகத் தேசம்மா மேலே திரும்பியது. பின்னாலிருந்து முட்டினால் அவள் அருவாமனை மேலேயே விழுவாள். கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

"கங்கையம்மா!" என்று மட்டும் கடைசியில் வந்தது. என்னை அறியாமல் இரண்டு கையும் தலைக்கு மேலே போய்க் கும்பிட்டன.

வண்டி நின்றது. ஐஸ் பெட்டி மட்டும் சரிந்து விழுந்து, ஐஸ் எல்லாம் தேசம்மாவின் புடவை முந்தானை வரைக்கும் உருண்டது. முன் சக்கரம் அவளுக்குப் பின்னால் இருந்த மீன் கூடையை நசுக்கிக்கொண்டு நின்றது. கூடைக்கும் அவள் முதுகுக்கும் நடுவில் ஒரு ஆள் கை நுழையாது.

அவள் திரும்பிப் பார்த்தாள். நான் வண்டியில் கையைத் தூக்கிக் கும்பிட்டபடியே உட்கார்ந்திருந்தேன். கரையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தாள், அருவாமனையைப் பார்த்தாள். "இப்பனாச்சும் வுட்டியே கைய" என்றாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அத்தனை பேர் நடுவில் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

துலுக்காணம் இன்னும் விடவில்லை. "கைய எடுத்தா நிக்கிற வண்டி, கைய எடுத்தே, நின்னுச்சு. இதுல அம்மா எங்கடா வந்தா?" என்பான். மச்சான் சொல்லி எடுக்காத கை, கட்டினவள் தினம் தினம் சொல்லி எடுக்காத கை, அன்றைக்கு யார் சொல்லி எடுத்தது என்று நான் கேட்பேன். கால் கேட்டவனுக்கு வண்டியைக் கொடுத்து, அதை ஓட்டத் தெரியாதவனுக்குக் கும்பிடவும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் தாய்.

திருகை மறுபடியும் ஆமைக்குத் திருப்பிவிட்டேன். வண்டியில் எதையும் ஏற்றுவதில்லை. சரிவு வந்தால் மேலேயே நிறுத்திவிட்டுத் தேசம்மாவைக் கூப்பிடுகிறேன். அவள் வந்து கூடவே நடக்க, மெதுவாக இறங்கி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரிக்கிறேன். பொம்பளைகள் இன்னமும் என்னைத் தாண்டித்தான் போகிறார்கள். காத்து இல்லியா என்று இன்னமும் கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

என்னைப் போல வீம்பு பிடித்து, பயத்தில் எதையாவது இறுக்கிக்கொண்டிருக்கிறவர்கள் உங்களில் இருந்தால், கூச்சப்படாமல் கங்கையம்மாவைக் கூப்பிடுங்கள். நான் நாலு பேர் எதிரில்தான் கூப்பிட்டேன். நாலு பேரும் சிரித்தார்கள். என் தேசம்மா உயிரோடு இருக்கிறாள்.